கெமா விழுந்தது, லாயர் நோட்டீஸ் வந்தது: வீட்டை அம்மா பெயருக்கு மாற்றிவிடலாமா?

பினாங்கு மாநிலத்தின் செபராங் பிறையிலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 41. மணவறை அலங்காரமும் கெமா (கூடாரப் பந்தல்), மேசை, நாற்காலி வாடகையும்தான் தொழில். நிறுவனப் பதிவு ஆணையமான எஸ்.எஸ்.எம்.மில் அவர் பெயரில் எண்டர்பிரைஸ் (தனியாள் வியாபாரம்) ஆகப் பதிந்திருக்கிறார். கணவர் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார். லோரி ஓட்டுவது, கெமா நிறுத்துவது, ஆட்களைக் கூட்டி வருவது எல்லாம் கொழுந்தன் பொறுப்பு. லாபத்தில் பாதி கொழுந்தனுக்குப் போகிறது. ஆனால் பதிவில் அவர் பெயர் இல்லை.

அக்டோபரில் ஒரு தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) நிச்சயதார்த்தம். வீட்டுக்கு முன்னால் தார்ச்சாலையில் இரண்டு பெரிய கெமா. தாரில் ஆணி அடிக்க முடியாது என்பதால், சிமெண்டு ஊற்றிய பெயிண்ட் டின்களைக் காலுக்கு ஒன்றாக வைத்துக் கயிறு கட்டியிருக்கிறார்கள். மாலை ஐந்து மணிக்குப் புயல் மாதிரி காற்று. ஒரு கெமா தூக்கி எறியப்பட்டு, அதன் இரும்புக்கால் பெண்ணின் தாய்மாமன் தோளில் விழுந்தது. காறை எலும்பு முறிந்து, தனியார் மருத்துவமனையில் அறுவை சிகிச்சை. பக்கத்து வீட்டுக்காரர் காரிலும் அடி. உதவிக்கு வந்த 19 வயது தம்பி ஒருவனுக்கு இரண்டு விரல் நசுங்கியது. அவன் வார இறுதிகளில் மட்டும் 80 வெள்ளி (ரிங்கிட்) நாள் சம்பளத்துக்கு வருபவன்.

போன வாரம் தாய்மாமனின் வழக்கறிஞரிடமிருந்து நோட்டீஸ் வந்திருக்கிறது. 62,000 வெள்ளி, 14 நாள் அவகாசம். சகோதரி கேட்பது இவை. காற்றடித்ததற்கு நான் எப்படிப் பொறுப்பு? ரசீதின் பின்னால் 'எந்தச் சேதத்துக்கும் நிர்வாகம் பொறுப்பல்ல' என்று அச்சடித்திருக்கிறேனே? கேஸ் கடை மேல்தானே வரும், என் மேல் வராதே? இப்போதே செண்டிரியான் பெர்ஹாட் (தனியார் வரையறுக்கப்பட்ட நிறுவனம்) தொடங்கி, வீட்டில் என் பங்கை அம்மா பெயருக்கு எழுதிவிடட்டுமா? கடைசியாக ஒன்று: விபத்துக்கு அரை மணி நேரம் முன்னால் அந்தத் தம்பி வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு குரல் பதிவு போட்டிருக்கிறான். "அண்ணி, நடக்க இடைஞ்சலா இருக்குன்னு வீட்டுக்காரங்க ஒரு பக்கத்துக் கயிற அவுத்துட்டாங்க." இதை அழித்துவிடலாமா?

அன்புள்ள சகோதரி,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். அழிக்காதீர்கள். நீங்கள் மட்டுமல்ல, குரூப்பில் உள்ள யாரும் எதையும் அழிக்க வேண்டாம் என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள். நீதிமன்றத்தில் காட்ட வேண்டிவரும் ஒன்றை வேண்டுமென்று அழிப்பது குற்றவியல் சட்டத்தின் கீழ் தனிக் குற்றம். இப்போது உங்கள் மேல் உள்ளது பணக் கோரிக்கை மட்டும்தான். அதைப் போலீஸ் விவகாரமாக நீங்களே மாற்றிவிடக் கூடாது. அதோடு, அந்தப் பதிவு உங்களுக்கு எதிரானது என்று நினைத்துப் பயப்படுகிறீர்கள். நான் படித்த வரையில் உங்கள் கையில் இருப்பதிலேயே மதிப்புள்ள சாட்சியம் அதுதான். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

14 நாளில் என்ன நடக்கும்?

நோட்டீஸ் என்பது கோரிக்கைக் கடிதம். அது சம்மன் இல்லை. 14 நாள் கடந்துவிட்டால் வீட்டு வாசலில் யாரும் ஜப்தி செய்ய வந்து நிற்க மாட்டார்கள். ஆனாலும் பதில் போடாமல் இருக்காதீர்கள். ஒரு வழக்கறிஞர் மூலம் சுருக்கமாக ஒரு கடிதம் போதும்: பொறுப்பை ஒப்புக்கொள்ளவில்லை, மருத்துவ அறிக்கையும் பில்களும் வருமான ஆதாரமும் அனுப்புங்கள், பார்த்துவிட்டுப் பேசுகிறோம் என்று.

நீங்கள் உண்மையில் பயப்பட வேண்டிய 14 நாள் இதற்கு அப்புறம் வருவது. வழக்குப் பதிவாகி ரிட் (வழக்குக்கு அழைக்கும் நீதிமன்ற ஆவணம்) உங்கள் கையில் கிடைத்தால், அன்றிலிருந்து 14 நாளுக்குள் ஆஜராவதாக நீதிமன்றத்தில் பதிய வேண்டும். தவறினால் உங்கள் தரப்பைக் கேட்காமலேயே எதிராகத் தீர்ப்பு வாங்கிவிடலாம். தீர்ப்புத் தொகைக்கு ஆண்டுக்கு 5 விழுக்காடு வட்டியும் ஓடும். 'லெட்டர்தானே' என்று ரிட்டை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு, வங்கிக் கணக்கு முடங்கிய பிறகு ஓடி வரும் சிறு வியாபாரிகள் அதிகம். அது பதிவுத் தபாலிலும் வரலாம். கொழுந்தனோ கணவரோ கையெழுத்துப் போட்டு வாங்கினால் அன்றைக்கே உங்களிடம் கொடுக்கச் சொல்லி வையுங்கள்.

ஒரு லட்சம் வெள்ளி வரையிலான வழக்குகள் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்குப் போகும். உங்களுடையது அங்கேதான் வரும். காயம்பட்டவருக்கு வழக்குப் போட ஆறு ஆண்டு அவகாசம் உண்டு. அதனால் இரண்டு மாதம் சத்தமில்லை என்றால் விஷயம் முடிந்துவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள்.

காற்று யார் பொறுப்பு?

காற்றுக்கு நீங்கள் பொறுப்பல்ல. அந்தக் காற்று வரக்கூடும் என்று எதிர்பார்த்துக் கெமாவைக் கட்டும் பொறுப்பு உங்களுடையது. 'கடவுளின் செயல்' என்ற வாதம் சட்டத்தில் உண்டு, ஆனால் வாசல் மிகக் குறுகலானது. யாரும் எதிர்பார்த்திருக்க முடியாத, நியாயமான கவனம் எடுத்திருந்தாலும் தடுத்திருக்க முடியாத ஒன்றாக இருக்க வேண்டும். அக்டோபர் மாதம் பினாங்கில் மாலை நேரத்தில் இடியும் காற்றும் மழையும் வருவது நம் ஊர்க் குழந்தைக்கும் தெரியும். இரண்டு பருவக்காற்றுக்கு இடைப்பட்ட ஏப்ரல், மே, அக்டோபர் மாதங்களில் வானிலைத் துறை இடிமழை எச்சரிக்கை விடுவதும் வழக்கம். அன்று எச்சரிக்கை வந்திருந்ததா என்பதை எதிர்த்தரப்பு முதல் வேலையாகத் தேடி எடுக்கும். நீங்களும் எடுத்து வையுங்கள்.

நீதிபதி கேட்கப் போவது தொழில்நுட்பக் கேள்விகள். அந்த அளவுக் கெமாவுக்கு ஒரு காலுக்கு எத்தனை கிலோ எடை வேண்டும்? நீங்கள் வைத்த பெயிண்ட் டின் எத்தனை கிலோ? கெமா செய்தவர் கொடுத்த குறிப்பேடு இருக்கிறதா? காற்று கூடியபோது துணியை இறக்கவோ ஆட்களை வீட்டுக்குள் போகச் சொல்லவோ யாராவது முயன்றார்களா? உங்கள் கடிதத்தில் டின்னின் எடை பற்றி ஒரு வரிகூட இல்லை. நாளைக் காலையில் முதல் வேலையாக அந்த டின்களைத் தராசில் நிறுத்துங்கள். எடை தெரியும்படி படம் பிடித்து வையுங்கள். வளைந்த இரும்புக்காலைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாமல் அப்படியே வையுங்கள். எடை போதவில்லை என்று தெரிந்தாலும் அது உங்கள் வழக்கறிஞருக்கு இப்போதே தெரிந்திருக்க வேண்டும். விசாரணைக் கூண்டில் நிற்கும்போது தெரியவந்தால் அப்புறம் சரி செய்ய வழியில்லை.

இப்போது அந்தக் குரல் பதிவுக்கு வருவோம். அது இரண்டு விஷயம் சொல்கிறது. கயிற்றை அவிழ்த்தது வீட்டுக்காரர். அவிழ்த்ததை உங்கள் ஆள் பார்த்தான், உங்களுக்கும் தெரிவித்தான். இரண்டாவது விஷயம் உங்களைக் கடிக்கும். பார்த்த பிறகு ஏன் மறுபடி கட்டவில்லை, அரை மணி நேரம் இருந்ததே என்று கேட்பார்கள். ஆனால் முதல் விஷயத்தின் பலம் பெரியது. 1956ஆம் ஆண்டு சிவில் சட்டப்படி, ஒரு விபத்துக்கு இன்னொருவரும் காரணம் என்றால் இழப்பீட்டில் அவரையும் பங்கு கட்டச் சொல்லிக் கேட்கலாம். கயிற்றை அவிழ்த்த வீட்டுக்காரரை மூன்றாம் தரப்பாக வழக்கில் இழுக்க அந்தப் பதிவுதான் ஆதாரம். அது இல்லாவிட்டால் அவர் 'நாங்கள் கயிற்றைத் தொடவே இல்லை' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

தாய்மாமன் எப்படி அடிபட்டார் என்பதும் முக்கியம். எல்லாரும் வீட்டுக்குள் ஓடியபோது சிலர் கால்களைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவரும் அப்படித் தானாகப் பிடிக்கப் போனவர் என்றால், அதே சட்டப்படி அவருடைய பங்குக்கு இழப்பீட்டைக் குறைக்கக் கேட்க இடமுண்டு. உங்கள் ஆட்களே 'அங்கிள், ஒரு கை பிடிங்க' என்று கூப்பிட்டிருந்தால் அந்த வாதம் எடுபடாது. கொழுந்தனையும் அந்தத் தம்பியையும் தனித்தனியாக உட்கார வைத்து, நடந்ததை நடந்தபடி எழுதச் சொல்லுங்கள். சேர்ந்து பேசி ஒரே மாதிரி எழுத வேண்டாம்.

ரசீதின் பின்பக்கம்

'பொறுப்பல்ல' என்ற அந்த வரியை எடுத்துவிடச் சொல்லவில்லை. ஆனால் அதை நம்பித் தூங்காதீர்கள். முன்பணம் வாங்கிய பிறகு கையில் கொடுத்த ரசீதில்தான் அது இருக்கிறது. ஒப்பந்தம் அதற்கு முன்பே முடிந்துவிட்டது. மேலும், ரசீது வாங்கியவர் வீட்டுக்காரர். தாய்மாமன் உங்களோடு எந்த ஒப்பந்தமும் செய்யவில்லை. விருந்தாளியாக வந்தவர் அவர். நீங்கள் வேறொருவருக்குக் கொடுத்த காகிதம் அவரைக் கட்டுப்படுத்தாது.

வீட்டுக்காரர் விஷயத்திலும் அது முழுமையாக நிற்காது. 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, சேவை தருபவர் நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்வார் என்ற உத்தரவாதம் தானாகவே ஒப்பந்தத்தில் வந்து உட்கார்ந்துவிடும். அந்தச் சட்டத்திலிருந்து காகிதத்தில் எழுதித் தப்ப முடியாது. 2010ஆம் ஆண்டுத் திருத்தத்தில் நியாயமற்ற ஒப்பந்த விதிகள் பற்றித் தனிப் பகுதியே சேர்த்தார்கள். சொந்தக் கவனக்குறைவின் பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் வரி அதில் நேரடியாக மாட்டும். வாடகைப் பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி வீட்டுக்காரர் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்கும் போகலாம். அங்கே மனுக்கட்டணம் 5 வெள்ளிதான். 50,000 வெள்ளி வரை கேட்கலாம். பொதுவாக இரு தரப்பும் வழக்கறிஞர் இல்லாமல் நேரில் பேச வேண்டும். தீர்ப்பாயத்தின் உத்தரவை 14 நாளுக்குள் நிறைவேற்றாவிட்டால் அது குற்றமாகிவிடும். அப்படி ஒரு அழைப்பு வந்தால் கட்டாயம் போய் நில்லுங்கள்.

'கேஸ் கடை மேல்தானே?'

இந்த ஒரு தவறான எண்ணத்தை நம் சிறு வியாபாரிகள் நிறைய பேர் சுமந்துகொண்டிருக்கிறார்கள். எண்டர்பிரைஸ் என்பது உங்களுக்கு நீங்களே வைத்துக்கொண்ட இன்னொரு பெயர். சட்டத்தின் கண்ணில் கடை வேறு நீங்கள் வேறு இல்லை. கடையின் கடன் உங்கள் கடன். உங்கள் சேமிப்பு, உங்கள் கார், வீட்டில் உங்கள் பங்கு எல்லாமே கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன.

ஆனாலும் நீங்கள் கற்பனை செய்துகொண்டிருக்கும் அளவுக்கு இருட்டாகவும் இல்லை. 62,000 வெள்ளிக்காக மட்டும் உங்களைத் திவாலாக்க முடியாது. திவால் மனுவுக்குக் கடன் குறைந்தது ஒரு லட்சம் வெள்ளி இருக்க வேண்டும். ஊழியர் சேமநிதியான இ.பி.எஃப்.பில் உள்ள பணத்தைக் கடன்காரர்கள் ஜப்தி செய்ய முடியாது. கணவர் இந்தத் தொழிலில் பங்காளி இல்லை என்றால் அவருடைய சம்பளமும் வீட்டில் அவருடைய பங்கும் இந்த வழக்குக்கு வெளியே. ஆனால் லோரி வாங்க எடுத்த கடனுக்கு அவர் ஜாமீன் போட்டிருக்கிறார் என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அது வேறு கதை. தொழில் நின்று தவணை தடுமாறினால் வங்கி அவரிடம்தான் போகும். வீட்டுக்கடனுக்கும் படிப்புக்கடனுக்கும் ஜாமீன் போட்டவர்களுக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு, வியாபாரக் கடனுக்கு ஜாமீன் போட்டவர்களுக்கு இல்லை. இந்தச் சிக்கல் தீரும் வரை அந்தத் தவணையை மட்டும் எப்படியாவது தவறாமல் கட்டிவிடுங்கள்.

வீட்டை அம்மா பெயருக்கு மாற்றும் யோசனை யார் கொடுத்தது என்று எழுதவில்லை. யார் கொடுத்திருந்தாலும் கேட்காதீர்கள். நோட்டீஸ் வந்த பிறகு காசில்லாமல் சொந்தக்காரர் பெயருக்கு மாற்றினால், கடன்காரரை ஏமாற்றச் செய்தது என்று சொல்லி அதை ரத்து செய்யக் கேட்க முடியும். நீதிமன்றம் உங்கள் நேர்மையைச் சந்தேகிக்கத் தொடங்கிவிட்டால் கயிறு விஷயத்தில் நீங்கள் சொல்லும் உண்மையையும் நம்பாது. அதோடு அம்மாவையும் வயதான காலத்தில் சாட்சிக் கூண்டில் ஏற்றுவீர்கள். வீட்டின் மேல் கடன் இருப்பதால் வங்கியின் சம்மதமும் வேண்டும். முத்திரை வரி வேறு.

செண்டிரியான் பெர்ஹாட் நல்ல யோசனை, ஆனால் அடுத்த விபத்துக்கு. அக்டோபரில் நடந்ததை அதற்குப் பிறகு பிறந்த நிறுவனத்தின் தலையில் கட்ட முடியாது. 2016ஆம் ஆண்டு நிறுவனச் சட்டம் வந்த பிறகு ஒரே ஆள் இயக்குநராகவும் பங்குதாரராகவும் இருந்து நிறுவனம் தொடங்கலாம். பதிவுக் கட்டணம் 1,000 வெள்ளி. அதற்கு மேல் நிறுவனச் செயலாளர் கட்டணம், ஆண்டறிக்கை, கணக்கு என்று ஆண்டுதோறும் செலவு வரும். நிறுவனம் இருந்தாலும் மூன்று இடத்தில் நீங்களே மாட்டுவீர்கள்: நீங்களே செய்த கவனக்குறைவு, வங்கிக்குத் தனிப்பட்ட முறையில் போட்ட ஜாமீன், தொழிலாளிக்குக் கட்டாமல் விட்ட இ.பி.எஃப். கடைசியில் சொன்னதற்கு இயக்குநர்களும் நிறுவனத்தோடு சேர்ந்து பொறுப்பு என்று சட்டமே சொல்கிறது.

கொழுந்தனும் அந்தத் தம்பியும்

லாபத்தைப் பாதியாகப் பகிர்ந்துகொள்வது கூட்டாளி என்பதற்கு முதல் அடையாளம் என்று 1961ஆம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டம் சொல்கிறது. பதிவில் பெயர் இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. வெறும் சம்பளத்துக்குப் பதிலாக லாபத்தில் பங்கு வாங்கும் ஊழியர் கூட்டாளி ஆகமாட்டார் என்பதும் உண்மைதான். ஆனால் உங்கள் கொழுந்தன் லோரிக்கு முன்பணம் போட்டிருக்கிறார், வாடிக்கையாளரிடம் விலை பேசுகிறார், ஆட்களை வைக்கிறார். இதைக் கூட்டாளி இல்லை என்று சொல்வது கடினம். கூட்டாளி என்றால் இந்த இழப்பீட்டுக்கு நீங்கள் இருவரும் பொறுப்பு. முழுத் தொகையையும் உங்கள் ஒருவரிடமிருந்தே வசூலிக்கலாம், அவர் ஒருவரிடமிருந்தும் வசூலிக்கலாம்.

குடும்பத்தில் இதைப் பேசுவது எளிதில்லை என்று எனக்குத் தெரியும். மாமியார் வீட்டில் 'கொழுந்தனைக் கேஸில் மாட்டிவிட்டாள்' என்ற பேச்சு வரும் என்று நீங்கள் பயப்படுவதும் கடிதத்தில் தெரிகிறது. ஆனால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் இதைத் தானாகவே கண்டுபிடிப்பார். அதற்கு முன்னால் கணவரை வைத்துக்கொண்டு அவரிடம் நீங்களே சொல்வது மேல். வரும் செலவை எப்படிப் பங்கிடுவது என்று இப்போதே எழுதிக்கொள்ளுங்கள். இருவரும் சேர்ந்தே தொடர்வதாக இருந்தால் பி.எல்.டி. என்ற வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கூட்டாண்மையைப் பாருங்கள். 2012ஆம் ஆண்டுச் சட்டம். இரண்டு பேர் வேண்டும். பதிவுக் கட்டணம் 500 வெள்ளி. உங்கள் நிலைமைக்குச் செண்டிரியான் பெர்ஹாட்டை விட இது பொருந்தும் என்பது என் கருத்து.

அந்தத் தம்பி விஷயத்தில் எனக்கு உங்கள் மேல் கொஞ்சம் வருத்தம் உண்டு. தாய்மாமனைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிய நீங்கள், விரல் நசுங்கிய பையனைப் பற்றி 'அவனுக்கு 300 வெள்ளி கொடுத்துவிட்டோம், அவன் பிரச்சினை பண்ண மாட்டான்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். வார இறுதியில் மட்டும் வருகிறான், நாள் சம்பளம் வாங்குகிறான் என்பதால் அவன் தொழிலாளி இல்லை என்றாகிவிடாது. உங்கள் தொழிலின் மையமான வேலையையே அவன் செய்கிறான். தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவில் அவனைப் பதிந்திருக்க வேண்டும். வேலையிடத்து விபத்தை 48 மணி நேரத்துக்குள் அறிவித்திருக்கவும் வேண்டும். பதியாமல் விடுவதற்கு 10,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கச் சட்டம் இருக்கிறது.

தாமதமாகிவிட்டது, இருந்தாலும் இந்த வாரமே போய்ப் பதிவையும் விபத்து அறிவிப்பையும் செய்யுங்கள். தாமதித்த சந்தாவுக்கு ஆண்டுக்கு 6 விழுக்காடு வட்டி கட்ட வேண்டிவரும். அது சின்னக் காசு. வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சொக்சோ தரும் தற்காலிக முடக்க உதவி அவனுடைய நாள் சம்பளக் கணக்கில் 80 விழுக்காடு. விரலில் நிரந்தரக் குறை வந்தால் அதற்குத் தனி உதவி. 19 வயதில் கைவிரல் மடங்காமல் போனால் அவன் வாழ்நாள் முழுக்க அதோடுதான் வேலை தேட வேண்டும். 300 வெள்ளி அதற்கு ஈடாகாது. நான்கு நாளுக்கு மேல் அவனால் வேலை செய்ய முடியவில்லை என்றால் தொழிலியல் பாதுகாப்புத் துறையான ஜே.கே.கே.பி.க்கும் தெரிவிக்க வேண்டும்.

அப்படியே சம்பளத்தையும் பாருங்கள். 2025 ஆகஸ்ட் முதல், ஐந்து பேருக்குக் குறைவாக வைத்திருப்பவர்களுக்கும் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி, மணிக்கு 8 வெள்ளி 72 காசு. காலை ஏழு மணிக்கு லோரி ஏறி, இரவு பதினொரு மணிக்கு நாற்காலியை அடுக்கிவிட்டு இறங்கும் பையனுக்கு 80 வெள்ளி என்பது இந்தக் கணக்கில் பத்து மணி நேரத்துக்குக்கூடப் போதாது. 2024 ஜூன் முதல் தொழிலியல் பாதுகாப்புச் சட்டமும் எல்லா வேலையிடங்களுக்கும் வந்துவிட்டது. உங்கள் ஆட்களை மட்டுமல்ல, அங்கே வந்துபோகும் மற்றவர்களையும் ஆபத்தில் விடக் கூடாது என்கிறது அது. மீறினால் அபராதம் ஐந்து லட்சம் வெள்ளி வரை போகலாம். உங்களுக்கு அவ்வளவு விதிப்பார்கள் என்று பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. கெமா கட்டுவது சின்ன வேலை என்று அரசாங்கம் இனிமேல் பார்க்காது என்பதற்காகச் சொல்கிறேன்.

தாய்மாமனோடு பேசலாமா?

பேசலாம். போய்ப் பாருங்கள். நம் வழக்கத்தில் நிச்சயதார்த்தத்தில் தாய்மாமன் அடிபட்டால் அது ஒரு வீட்டின் மனக்குறை. இரண்டு மாதமாக யாரும் எட்டிப் பார்க்கவில்லை என்ற கோபத்திலேயே நோட்டீஸ் வருவதுண்டு. பழம் வாங்கிக்கொண்டு போங்கள், வலி எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். எடை போதவில்லை, கயிறு இல்லை என்ற விவரங்களுக்குள் மட்டும் போகாதீர்கள். பணம் பற்றிய பேச்சு வழக்கறிஞர் வழியாக, 'தன்பா பிரெஜுடிஸ்' என்ற தலைப்போடு எழுத்தில் போகட்டும். அந்தத் தலைப்பில் சமரசத்துக்காக எழுதியதைப் பின்னால் நீதிமன்றத்தில் ஒப்புதலாகக் காட்ட முடியாது.

62,000 என்பது அவர்கள் கேட்கும் தொகை. அதில் மருத்துவமனை பில் எவ்வளவு, சம்பள இழப்பு எவ்வளவு, வலிக்கும் வேதனைக்கும் எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். பில்லும் சம்பளமும் ரசீதோடு நிரூபிக்க வேண்டியவை.  வலிக்கான தொகைக்கு நீதிமன்றங்கள் பார்க்கும் தொகுப்பு ஒன்று இருக்கிறது. வழக்கறிஞர் மன்றம் வெளியிட்டது, 2018இல் திருத்தப்பட்டது. காறை எலும்பு முறிவுக்கு அதில் உள்ள அளவைப் பார்த்துவிட்டுத்தான் பேரம் பேச வேண்டும். தவணையாகக் கட்டுவதாகச் சொல்லி முடித்துக்கொள்ளவும் வழியுண்டு. முடிக்கும்போது எல்லாக் கோரிக்கைகளும் தீர்ந்தன என்ற கையெழுத்தில்லாமல் ஒரு வெள்ளிகூடக் கொடுக்காதீர்கள். பக்கத்து வீட்டுக் காருக்கு அவருடைய காப்புறுதி நிறுவனம் பணம் கொடுத்திருந்தால், பின்னால் அந்த நிறுவனம் உங்களிடம் கேட்டு வரக்கூடும். அதையும் கணக்கில் வையுங்கள்.

தைப்பூச ஆர்டர்களை என்ன செய்வது?

தண்ணீர்மலைப் பக்கம் இரண்டு தண்ணீர்ப் பந்தலுக்கும், தை மாதம் நான்கு கல்யாணத்துக்கும் முன்பணம் வாங்கியிருக்கிறேன், எல்லாவற்றையும் ரத்து செய்துவிடட்டுமா என்று கேட்கிறீர்கள். வேண்டாம். ரத்து செய்தால் ஒப்பந்தத்தை மீறியதற்கு ஆறு பேர் கேட்டு வருவார்கள். லோரித் தவணைக்கும் காசு இருக்காது.

ஆனால் பொதுப் பொறுப்புக் காப்புறுதி எடுக்காமல் இனி ஒரு கெமாகூட நிறுத்தாதீர்கள். லோரிக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்கிறீர்கள், அது சாலை விபத்துக்கு. காப்புறுதி முகவரிடம் 'பப்ளிக் லையபிலிட்டி' என்று கேளுங்கள். கேட்கும்போதே உங்கள் வேலை கெமா நிறுத்துவதும் பிரிப்பதும் என்று விண்ணப்பத்தில் எழுதுங்கள். 'அலங்காரத் தொழில்' என்று மட்டும் எழுதிவிட்டால், கெமா விழும் நாளில் இது நாங்கள் காப்புறுதி செய்த வேலை இல்லை என்று கைவிரித்துவிடுவார்கள். அக்டோபர் விபத்தையும் மறைக்காமல் எழுதுங்கள். பாலிசி கைக்கு வந்ததும் காற்று, மழை, நாள் கூலி ஆட்கள் பற்றி விலக்கு எதாவது இருக்கிறதா என்று அந்தப் பக்கத்தைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். இனி ஒரு விபத்து நடந்தால் அன்றைக்கே அவர்களுக்குத் தகவல் கொடுக்க வேண்டும். அவர்களைக் கேட்காமல் 'எங்கள் தவறுதான்' என்று யாருக்கும் எழுதிக் கொடுக்கவும் கூடாது.

ரசீதுக்குப் பதிலாக ஒரு பக்க ஒப்பந்தம் போடுங்கள், முன்பணம் வாங்குவதற்கு முன்னால் கையெழுத்து வாங்குங்கள். கயிற்றையோ எடையையோ வீட்டார் தொடக் கூடாது. காற்று கூடினால் துணியை இறக்கும் முடிவு உங்கள் ஆளுடையது, விருந்து நடுவில் என்றாலும். சாலையில் போடுவதற்கு மாநகராட்சி அனுமதியை யார் வாங்குவது என்பதையும் பெயரோடு எழுதுங்கள். கட்டி முடித்ததும் ஒவ்வொரு காலையும் கயிற்றையும் கொழுந்தன் கைப்பேசியில் படம் எடுத்துக் குரூப்பில் போடட்டும். வீட்டார் கயிற்றை அவிழ்த்ததாகத் தகவல் வந்தால் பதில் போடுவதோடு நிற்காமல் யாராவது போய்த் திரும்பக் கட்ட வேண்டும்.

தண்ணீர்ப் பந்தல் இரண்டையும் பற்றி மட்டும் ஒரு யோசனை. அங்கே கூட்டம் இரவும் பகலும் குறையாது, காவடியும் குழந்தைகளும் கெமாவின் கால் ஓரமாகவே போவார்கள். புதிய எடைகளும் காப்புறுதியும் அதற்குள் தயாராகாவிட்டால், பந்தல்காரர்களிடம் இப்போதே சொல்லி, முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்து எழுத்தில் முடித்துக்கொள்ளுங்கள். வேறு ஆள் பார்க்க அவர்களுக்கு நேரம் இருக்கிறது. கல்யாணங்கள் நான்கில் மண்டபத்துக்குள் நடப்பவற்றுக்கு அலங்காரத்தை மட்டும் இன்றிலிருந்தே எந்தத் தயக்கமும் இல்லாமல் செய்யலாம்.